வடிச்சலோடு போன பசளை: ஓர் ஆற்றுக்குக் கணக்கெழுதுதல்

மாரி வெள்ளாமைக்கு மேற்பசளை எறிந்த மறுநாளே வானம் பொத்துக்கொண்டு ஊற்றினால் வயற்காரர் சொல்கிற வார்த்தை ஒன்றுதான்: "எல்லாம் வடிச்சலோட போயிட்டு." சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் இதைக் கேளாத பெரும்போகம் கிடையாது. அதிலுள்ள நட்டக்கணக்கு எல்லோருக்கும் விளங்கும். யூரியா மூடையின் விலை அறிந்தவர்களுக்கு இன்னும் நன்றாக விளங்கும். ஆனால் போனது எங்கே போனது, எவ்வளவு போனது, போன இடத்தில் என்ன செய்தது என்ற கேள்விகளை வரம்பிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அந்தக் கேள்விகளுக்கு விடை தேடும் ஒரு துறை உலகில் அரை நூற்றாண்டுக்கு மேலாக வளர்ந்து நிற்கிறது. ஓர் ஆற்றின் நீரேந்துப் பிரதேசம் முழுவதையும் எடுத்து, எந்த நிலத்திலிருந்து எவ்வளவு பசளை எப்போது நீருக்குள் இறங்குகிறது என்று கணிக்கும் துறை அது. மாதிரியாக்கம் என்று பாடநூலில் சொல்வார்கள். பெயர் பயமுறுத்தினாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் கூட்டலும் கழித்தலும்தான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஏக்கருக்கு யூரியா இரண்டு மூடை, அதாவது 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். யூரியாவில் 46 வீதம் நைதரசன். ஆக, நிலத்தில் விழுவது 46 கிலோ நைதரசன். அதில் பத்தில் ஒரு பங்கு மாத்திரம், 4.6 கிலோ, நைத்திரேற்றாக மாறி நீரோடு வெளியேறியது என்று எடுப்போம். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நைதரசனாகக் கணக்கிட்டால் அது 11.3 மில்லிகிராம். வகுத்துப் பாருங்கள். ஓர் ஏக்கரிலிருந்து வடிந்த அந்த 4.6 கிலோ, நான்கு லட்சம் லீற்றர் சுத்தமான நீரை அந்த எல்லைவரை கொண்டுபோகப் போதும்.

பொசுபரசின் கதை இன்னும் கடுமையானது. நாம் டி.எஸ்.பி. என்று வாங்குகிற பசளையின் ஒரு கிலோவில் தனிப் பொசுபரசு சுமார் 200 கிராம் இருக்கும். ஒரு லீற்றர் நீரில் 0.035 மில்லிகிராம் பொசுபரசு இருந்தாலே அந்தக் குளத்தைப் போசணை மிகுந்த குளம், பாசி பிடிக்கத் தயாரான குளம் என்று விஞ்ஞானிகள் வகைப்படுத்துவார்கள். அப்படியானால் ஒரு கிலோ டி.எஸ்.பி. முழுவதும் கரைந்து சேர்ந்தால் 57 லட்சம் லீற்றருக்குப் போதும். வயற்காரருக்கு ஒரு கிலோ என்பது கைப்பிடி நட்டம். குளத்துக்கு அது வேறு கணக்கு.

ஒரு தொழிற்சாலையின் கழிவுக் குழாய் ஆற்றில் விழுந்தால் விரல் நீட்டிக் காட்டலாம், வழக்குப் போடலாம். வயல்களிலிருந்து வருவதற்குக் குழாய் இல்லை. ஆயிரக்கணக்கான வக்கடைகளும் வடிச்சல் வாய்க்கால்களும் சேர்ந்துதான் அந்த மாசு. ஒவ்வொருவர் பங்கும் மிகச் சிறியது, ஒருவரையும் குற்றவாளி என்று பிடிக்க முடியாது. அதனால்தான் மாதிரி தேவைப்படுகிறது. கடன்காரர் ஆயிரம் பேர், கடன்பத்திரம் ஒன்றும் இல்லை என்ற நிலையில், ஆற்றின் முகத்துவாரத்தில் வந்து சேர்ந்த மொத்தத்தை மேலே இருக்கும் நிலங்களுக்குப் பங்கிட்டுப் பார்க்கும் வழி அது.

நமக்குத் தெரிந்த ஆற்றையே எடுத்துக்கொள்வோம். சிங்களத்தில் கல்ஓயா, நமக்குப் பட்டிப்பளை ஆறு. ஊவா மலைச்சரிவுகளில் தொடங்கி, இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரத்தில் தேங்கி, அங்கிருந்து இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களாகப் பிரிந்து, ஹிங்குராணைக் கரும்பையும் அம்பாறையின் குடியேற்றத் திட்ட வயல்களையும் நனைத்து, கடைசியில் கரையோர ஊர்களின் வட்டைகளுக்கு வருகிறது. மேல் வயலின் வடிச்சல்தான் பல இடங்களில் கீழ் வயலின் பாய்ச்சல். ஒரே தண்ணீர் கடலைக் காணுமுன் இரண்டு மூன்று பேருடைய பசளையைக் கழுவிவிட்டே வருகிறது. களியோடை ஆறு ஒலுவில் அருகே கடலில் விழும்போது அதில் மேலே உள்ள சிங்களக் குடியேற்றக்காரரின் யூரியாவும் இருக்கும், நமது யூரியாவும் இருக்கும். எவருடையது எவ்வளவு என்று தண்ணீர் சொல்லாது.

மாதிரி இதை எப்படிப் பிரிக்கிறது? முதலில் நிலத்தின் உயர வரைபடத்தை வைத்து, எந்தப் புள்ளியில் விழும் மழைத்துளி எந்த ஓடைக்குப் போகும் என்று பார்த்து, பிரதேசத்தைத் துணை நீரேந்துகளாகப் பிரிப்பார்கள். பிறகு ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரே மண், ஒரே பயிர், ஒரே சரிவு உள்ள நிலங்களை ஒரு கட்டாகக் கட்டுவார்கள். ஒவ்வொரு கட்டுக்கும் நாளாந்தம் ஒரு வரவு செலவு: மழையும் பாய்ச்சலும் வரவு, ஆவியாவதும் பயிர் குடிப்பதும் நிலத்தடிக்கு இறங்குவதும் மேலால் ஓடுவதும் செலவு. தண்ணீரின் கணக்கு ஒப்பேறினால் அதன் முதுகில் நைதரசனையும் பொசுபரசையும் மண்ணையும் ஏற்றுவார்கள். இப்படி வேலை செய்யும் மென்பொருள்களில் அதிகம் புழங்குவது 'ஸ்வாட்'. அமெரிக்க விவசாயத் திணைக்களத்துக்காக ஜெஃப் ஆர்னல்ட் என்ற பொறியியலாளரும் அவருடைய குழுவும் டெக்ஸஸ் மாநிலத்தின் டெம்பிள் நகரில் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியது. இலவசமாகக் கிடைக்கும்.

அதன் உள்ளே இருக்கும் பழைய சூத்திரம் ஒன்றைப் பார்த்தால் விஷயம் பிடிபடும். மழை பெய்தால் எவ்வளவு மேலால் ஓடும் என்பதற்கு அமெரிக்க மண் பாதுகாப்புச் சேவை 1950களில் ஒரு முறை கண்டது. ஒவ்வொரு நிலத்துக்கும் 100க்குள் ஓர் எண். 'வளைகோட்டு எண்' என்பார்கள். சீமெந்துத் தரைக்கு 98, நல்ல காட்டு நிலத்துக்கு மிகக் குறைவு. எண் 78 உள்ள பயிர்நிலத்தில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் சூத்திரப்படி ஏறக்குறைய 47 மில்லிமீற்றர் ஓடும். மழை பாதியாக, 50 ஆகக் குறைந்தால் ஓடுவது பாதியாகாது, 12தான். அதே 100 மில்லிமீற்றர் மழை எண் 60 உள்ள நிலத்தில் விழுந்தால் 19 மில்லிமீற்றர். ஆகவே வருடம் முழுதும் சொட்டுச் சொட்டாய்ப் பெய்த மழையைவிட நாலைந்து அடைமழை நாட்கள்தான் ஆற்றுக்கு மாசைக் கொண்டுபோகின்றன. வடகீழ்ப் பருவமழை உச்சத்தில் இருக்கும் நாட்களும் நமது பெரும்போக மேற்பசளையின் நாட்களும் ஒன்றோடொன்று மோதுவதை இங்கே நினைவில் வைக்கவேண்டும்.

நிலத்துக்கு நிலம் வேறுபடும் இந்தக் கணக்கு நமது கிதாபுகளுக்குப் புதியதல்ல என்பதை இடையில் சொல்லவேண்டும். ஹர்ராவின் வாய்க்கால் பற்றி ஸுபைர் (றழி) அவர்களுக்கும் அன்ஸாரித் தோழர் ஒருவருக்கும் இடையில் எழுந்த வழக்கு புஹாரியில் வருகிறது. மதீனாவின் மஹ்ஸூர், முதைனிப் ஓடைகளைப் பற்றிய தீர்ப்பு அபூதாவூதிலும் முவத்தாவிலும் இருக்கிறது: மேலே இருப்பவர் கரண்டைக்கால் அளவு தண்ணீரைத் தேக்கிவிட்டுக் கீழே இருப்பவருக்குத் திறந்துவிட வேண்டும். நமது வட்டை விதானைமார் வாய்க்கால் வாசலில் நின்று காலங்காலமாகச் செய்வதும் கிட்டத்தட்ட இதைத்தான். ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) வபாத்தான ஷாஃபிஈ அறிஞர் இமாம் மாவர்தி தமது 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வில் இந்தக் கரண்டைக்கால் அளவை எடுத்து, இது எல்லாக் காலத்துக்கும் எல்லா ஊருக்கும் பொதுவான அளவல்ல, தேவையைப் பொறுத்தது என்று விளக்குகிறார். ஐந்து விஷயங்களால் அது மாறும் என்பது அவருடைய கருத்து: நிலத்தின் தன்மை, அதில் நிற்கும் பயிர், கோடையா மாரியா, விதைப்புக்கு முன்னா விதைப்புக் காலமா, நீர் நிரந்தரமாக ஓடுவதா விட்டுவிட்டு வருவதா.

ஸ்வாட் மாதிரியைத் திறந்து உள்ளே என்னென்ன கேட்கிறது என்று பார்த்தால் மண், பயிர், பருவம், பயிர்ச்செய்கை நாட்காட்டி, நீர்வரத்து என்று அதே ஐந்தும் நிற்கும். இதைச் சொல்வது "எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது" என்று மார்தட்ட அல்ல. அந்த மார்தட்டலால் ஒரு வாய்க்காலும் சுத்தமானதில்லை. மாவர்தி பேசியது அளவைப் பற்றி. கரண்டைக்கால் அளவுத் தண்ணீரில் என்ன கலந்து கீழே போகிறது என்ற கேள்வி அவர் காலத்தில் எழக் காரணமில்லை. நமக்கு எழுகிறது. ஒரே அளவு நீர் கொடுத்தும் கீழே இருப்பவருக்குத் தீங்கு செய்ய முடியும் என்ற நிலை மூடையில் பசளை வந்த பிறகு ஏற்பட்டது.

மாதிரிகள் எங்கே உதவின, எங்கே வழுக்கின என்பதற்கு உலகில் மிக நன்றாக அளக்கப்பட்ட உதாரணம் அமெரிக்காவின் மோமீ ஆறு. ஒஹாயோ மாநிலத்தின் வடமேற்கில் ஓடி டொலிடோ நகரருகே ஈரி ஏரியில் விழுகிறது. நீரேந்துப் பரப்பு ஏறக்குறைய 17,000 சதுர கிலோமீற்றர், கல்ஓயாவினுடையதைப்போல் ஒன்பது மடங்கு அளவில். பெரும்பகுதி சோளமும் சோயாவும். 19ஆம் நூற்றாண்டுவரை அங்கே இருந்தது 'கறுப்புச் சதுப்பு' என்ற பெருஞ்சதுப்பு. நிலத்துக்குக் கீழே வடிகால் குழாய் பதித்து அதை வற்ற வைத்துத்தான் விவசாயம் வந்தது. நமது பள்ளக் காணிகளில் வடிச்சல் வெட்டுவதுபோல, ஆனால் மண்ணுக்கு அடியில்.

1960களில் ஈரி ஏரி செத்துவிட்டது என்றே பத்திரிகைகள் எழுதின. 1972இல் அமெரிக்காவும் கனடாவும் உடன்படிக்கை செய்து, சவர்க்காரத்தூளிலும் நகரக் கழிவிலும் இருந்த பொசுபரசைக் கட்டுப்படுத்தின. விவசாயத்தில் மண் அரிப்புத்தான் பகை என்று கணிக்கப்பட்டது. பொசுபரசு மண்துணிக்கையில் ஒட்டிக்கொண்டு போகும். மண்ணைப் பிடித்தால் பொசுபரசையும் பிடித்ததாகும் என்பது தர்க்கம். அதனால் உழாமலே விதைக்கும் முறை ஊக்குவிக்கப்பட்டது. மண் அரிப்புக் குறைந்தது, மொத்தப் பொசுபரசும் குறைந்தது. ஏரி தெளிந்தது. உலகமே மெச்சிய வெற்றி.

1990களின் நடுப்பகுதியிலிருந்து பாசி திரும்பத் தொடங்கியது. எல்லோரும் குழம்பி நின்றபோது விடை கிடைத்தது ஒரு சிறிய பல்கலைக்கழகத்தின் குறிப்பேட்டில். டிஃபின் என்ற ஊரிலுள்ள ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்தார் 1970களின் நடுவிலிருந்தே அந்தப் பகுதி ஆறுகளில் விடாமல் நீர்மாதிரி எடுத்து வந்திருந்தார்கள். மாதம் ஒரு போத்தல் அல்ல. தானியங்கிக் கருவி வைத்து, வெள்ளம் வரும் நாட்களில் ஒரே நாளில் பல போத்தல். மொத்தப் பொசுபரசைத் தனியாகவும் நீரில் கரைந்த பொசுபரசைத் தனியாகவும் அளந்திருந்தார்கள். மொத்தம் பெரிதாக ஏறவில்லை. கரைந்தது மட்டும் ஏறியிருந்தது. மண்ணோடு ஒட்டிவரும் பொசுபரசில் ஒரு பகுதியைத்தான் அல்காவால் தின்ன முடியும். கரைந்ததையோ ஏறக்குறைய முழுவதும் தின்றுவிடும். உழாத நிலத்தில் பசளை மேல்மண்ணிலேயே தங்கியது, இலையுதிர்காலத்தில் மேலால் வீசியது மழையில் கரைந்தது, அடியிலிருந்த வடிகால் குழாய்கள் அதை நேரே ஓடைக்குக் கொண்டுபோயின. மழையின் போக்கு மாறியதும் சேர்ந்துகொண்டது. எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் மண்ணைக் காத்த அதே முறை கரைந்த பொசுபரசுக்கு வழிவிட்டது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது.

அதன் விலை 2014 ஓகஸ்ட் 2ஆம் திகதி தெரிந்தது. டொலிடோ நகரக் குடிநீரில் நீலப்பச்சை அல்காவின் நஞ்சான மைக்ரோசிஸ்டின் எல்லை தாண்டியதால், நாலைந்து லட்சம் பேரைக் குழாய்நீர் குடிக்கவேண்டாம் என்று அறிவித்தார்கள். கொதிக்க வைத்தாலும் பயனில்லை, நஞ்சு இன்னும் செறிவாகும். ஏறக்குறைய மூன்று நாள் ஒரு பெரிய நகரம், பெரிய ஏரியின் கரையில், போத்தல் தண்ணீருக்கு வரிசையில் நின்றது.

அதற்குப் பிறகுதான் மாதிரிகளுக்கு உண்மையான வேலை வந்தது. மார்ச் முதல் ஜூலைவரை மோமீ ஆற்றில் வரும் பொசுபரசுதான் அந்தக் கோடையின் பாசியைத் தீர்மானிக்கிறது என்பது கண்டறியப்பட்டது. 2008ஆம் ஆண்டை அடிப்படையாக வைத்து 40 வீதக் குறைப்பு என்ற இலக்கை 2016இல் இரு நாடுகளும் ஏற்றன: அந்த ஐந்து மாதத்தில் மொத்தப் பொசுபரசு 860 தொன், கரைந்தது 186 தொன், அதற்கு மேல் கூடாது. அந்த இலக்கை எப்படி அடைவது என்று பல பல்கலைக்கழகங்கள் தனித்தனியே தாம் அமைத்த ஸ்வாட் மாதிரிகளை ஒரே கேள்வியோடு ஓட்டிப் பார்த்தன. ஒரு மாதிரியை நம்பாமல் பலவற்றை ஒப்பிட்டதுதான் இதில் எனக்குப் பிடித்த அம்சம். நான்கு சாட்சிகள் தனித்தனியே வந்து ஒரே விஷயத்தைச் சொன்னால் நீதிபதிக்கு வருகிற நிம்மதி அதில் இருக்கிறது. அவை ஒத்துச் சொன்னது: பசளையை மேலால் வீசாமல் மண்ணுக்குள் வைப்பது, இடைக்காலப் பயிர் போடுவது, ஓடைக்கரையில் புல்வரிசை விடுவது ஆகியவற்றைச் சேர்த்துச் செய்தால் இலக்கை அடையலாம், ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக விரும்பியவர் மட்டும் செய்தால் போதாது, மிகப் பரவலாக, அதிகம் கசியும் நிலங்களைக் குறிவைத்துச் செய்யவேண்டும். 2025க்குள் முடிப்போம் என்று ஒஹாயோ, மிச்சிகன், ஒன்டாரியோ அரசுகள் 2015இல் வாக்குக் கொடுத்தன. அந்த ஆண்டு வந்தது, இலக்கு எட்டப்படவில்லை. எதைச் செய்யவேண்டும் என்று மாதிரி சொல்லிவிட்டது. ஆயிரக்கணக்கான விவசாயிகளைச் செய்ய வைப்பது அதன் வேலையல்ல.

ஸ்வாட்டை அப்படியே கொண்டுவந்து பட்டிப்பளை ஆற்றில் ஓட்டலாமா? ஓட்டலாம், படமும் வரும். நம்பலாமா என்பது வேறு. மாதிரியின் கணிப்பையும் அளந்த நீரோட்டத்தையும் ஒப்பிட ஓர் அளவுகோல் உண்டு. நாஷ், சட்கிளிஃப் என்ற இருவர் 1970இல் தந்தது. 1 வந்தால் முழுப் பொருத்தம். 0 வந்தால் அந்த மாதிரி, வெறும் சராசரியைச் சொல்வதைவிட மேலானதல்ல. மாதாந்த நீரோட்டத்துக்கு 0.5ஐத் தாண்டினால் ஏற்கத்தக்கது என்பது வழக்கம். இதில் ஒரு பொறி இருக்கிறது. மாதிரிக்குள் திருகக்கூடிய ஆணிகள் பல இருப்பதால், வெவ்வேறு விதமாகத் திருகியும் ஒரே நல்ல மதிப்பெண்ணைப் பெறலாம். விடை சரி, வழி பிழை. ஆறு கடைசியில் எவ்வளவு ஓடியது என்பது பொருந்தும். எந்த வயலிலிருந்து வந்தது என்பது தலைகீழாக இருக்கும். ஓட்டத்துக்குப் பொருத்திய மாதிரியைக் காட்டி நைத்திரேற்றைப் பற்றிப் பேசும் அறிக்கைகளை இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டுமுறை வாசிக்க வேண்டும்.

நமது நிலத்துக்கு இன்னொரு சிக்கல், வரம்பு. டெக்ஸஸ் வயல் சரிவு. விழுந்த மழை சரிந்து ஓடும். நெல்வயல் ஒரு தட்டு. வரம்பு நிரம்பும்வரை, அல்லது யாராவது வக்கடை வெட்டும்வரை, ஒரு துளி வெளியே போகாது. வளைகோட்டு எண்ணுக்கு இது புரியாது. ஸ்வாட்டில் நெல்வயலைக் காட்டக் கிடைத்த கிட்டிய வடிவம், கூம்புபோல் குழிந்த ஒரு பள்ளம். அதனால்தான் ஜப்பான், கொரியா, தாய்வான், சீன ஆய்வாளர்கள் நெல்லுக்கென்று அதைத் திருத்தி எழுதவேண்டி வந்தது. இரசாயனமும் வேறு. தண்ணீர் தேங்கி ஒட்சிசன் இல்லாத சேற்றில் நைத்திரேற்று நைதரசன் வாயுவாகி வானத்துக்குப் போய்விடும். யூரியாவில் ஒரு பங்கு அமோனியாவாகப் பறந்துவிடும். இந்த வகையில் நெல்வயல் தண்ணீரைச் சுத்திகரிக்கக்கூடச் செய்கிறது. அதே சேற்றில் இரும்போடு கட்டுண்டிருந்த பொசுபரசு அவிழ்ந்து கரையும். ஆகவே நெல்வயல் மாசா மருந்தா என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. எந்த நாளில் வக்கடை வெட்டப்பட்டது என்று கேட்டால் பதில் உண்டு. பசளை எறிந்த பின் நாலைந்து நாள் வடிச்சலை அடைத்து வைத்தவருடைய வயலும், மறுநாளே நிரம்பி வழிந்த வயலும், ஒரே மண், ஒரே பயிர், ஒரே மூடை என்றிருந்தும் ஆற்றுக்கு வேறு வேறு. செயற்கைக்கோள் படத்தில் வக்கடை தெரியாது. அது வயற்காரரின் நினைவிலும் விதானையின் கொப்பியிலும்தான் இருக்கும்.

நமது நாட்டில் இதற்கு அவசரம் இல்லை என்று நினைப்பவர்களுக்கு இரண்டு இடங்களைச் சொல்லலாம். நுவரெலியாவின் மரக்கறித் தோட்டங்களும் தேயிலைச் சரிவுகளும் வடியும் கொத்மலை நீர்த்தேக்கத்தில் 1991இலேயே நீலப்பச்சை அல்கா பெருகிப் படர்ந்தது. மற்றது கல்பிட்டி. அங்கே ஆறு இல்லை, மணல். மணலுக்குக் கீழே உப்புநீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடும் பசளை நேரே அதற்குள் இறங்கி, நைத்திரேற்று வழிகாட்டல் எல்லையைத் தாண்டிய கிணறுகள் 1980களின் ஆய்வுகளிலேயே பதிவாகின. 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த நமது மக்களில் பெருந்தொகையானோர் குடியேறியது இந்தக் கல்பிட்டி, புத்தளம் மணலில்தான் என்பதைச் சேர்த்து வாசித்தால் விஷயத்தின் கனம் விளங்கும்.

கிணற்றைப் பற்றி ஒன்று. தண்ணீரைச் சோதிக்க நாம் பள்ளிவாசல் மதரசாவில் கற்றது மூன்று: நிறம், மணம், சுவை. இரண்டு குல்லத் அளவுள்ள நீரில் நஜீஸ் விழுந்து இம்மூன்றில் ஒன்றும் மாறாவிட்டால் அது சுத்தமான நீர்தான், வுழூவுக்குத் தடையில்லை. நைத்திரேற்று நஜீஸும் அல்ல, அதற்கு நிறமும் மணமும் சுவையும் இல்லை. வுழூவுக்கு ஆகுமான நீர் புட்டிப்பால் குடிக்கும் சிசுவுக்கு ஆகாமல் போகலாம் என்பது நமது வீடுகளில் இன்னும் போய்ச்சேராத செய்தி. அதிக நைத்திரேற்று குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் சுமப்பதைத் தடுக்கும், உடல் நீலம் பாயும். கொதிக்க வைத்தால் போகாது. நீர் வற்ற வற்ற இன்னும் செறியும். ஃபத்வா சொல்வது என் வேலையல்ல. தஹாரத்தின் சட்டமும் தீங்கைத் தடுக்கும் சட்டமும் இரண்டு வேறு பாடங்கள் என்பதை ஜும்ஆவில் ஒருநாள் உலமாக்கள் விளங்கப்படுத்தினால் ஆய்வுகூட அறிக்கையைவிட அது வேகமாகப் பரவும்.

வடமத்திய மாகாணத்தின் சிறுநீரக நோயைச் சாட்டி 2015இல் கிளைபொசேற்று தடைசெய்யப்பட்டதும், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டதும், 2021 ஏப்ரலில் இரசாயனப் பசளை இறக்குமதியே நிறுத்தப்பட்டு நவம்பரில் திரும்பப் பெறப்பட்டதும் நாம் அனுபவித்தவை. அந்தச் சத்தங்களுக்குள், எந்த ஆற்றில் எந்த மாதம் எத்தனை தொன் என்ற கேள்வி கேட்கப்பட்டதாக எனக்கு நினைவில்லை. பசளை இல்லாமல் வெள்ளாமை செய்த 2021இன் பெரும்போகம் விஞ்ஞானி ஒருவர் கனவிலும் கேட்கத் துணியாத பரிசோதனை. விவசாயிகள் அதன் விலையைக் கொடுத்தார்கள். அந்த மாரியில் வடிச்சல் வாய்க்காலில் வாராவாரம் ஒரு போத்தல் எடுத்து அளந்து வைத்த ஊர் ஏதும் இருந்தால் அந்தக் கொப்பி பொக்கிஷம்.

ஆகவே கரையோரத்தில் மாதிரி அமைக்க விரும்புபவர்களுக்கு முதற்செலவு கணினிக்கல்ல. களியோடையிலோ ஒரு பெரிய வடிச்சல் வாய்க்காலிலோ சீரான ஓரிடத்தில், பாலத்தூணில் சென்ரிமீற்றர் குறித்த ஓர் அளவுகோல் வேண்டும். நீர்மட்டத்தை ஓட்டமாக மாற்றச் சில நாட்கள் நீரின் வேகத்தையும் அளக்கவேண்டும். செறிவை ஓட்டத்தால் பெருக்கினால்தான் சுமை. செறிவு மட்டும் தெரிந்தால் அரைக் கணக்கு. உயர்தர வகுப்பு மாணவர்கள் செய்யக்கூடிய வேலை இது. ஒலுவில் பல்கலைக்கழகம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சாதாரண நாளில் கிழமைக்கு ஒரு போத்தல் போதும். அடைமழை நாளில் நீர் ஏறும்போதும் உச்சத்திலும் இறங்கும்போதும் எடுக்கவேண்டும், அது இராத்திரி இரண்டு மணியானாலும். கரைந்த பொசுபரசுக்கான போத்தலை எடுத்த இடத்திலேயே வடிதாளில் வடித்துவிட வேண்டும், இல்லையேல் ஆய்வுகூடம் போய்ச்சேருமுன் அது மண்ணில் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஐஸ் பெட்டி. லேபலில் திகதியோடு நேரமும், பக்கத்தில் விதானையின் கொப்பியிலிருந்து ஒரு வரி: எந்தக் கண்டத்தில் அன்று பசளை எறிந்தார்கள், எங்கே வக்கடை வெட்டினார்கள். விதைத்து இரண்டு கிழமையில் முதல் மேற்பசளை விழும். அளவுகோல் அதற்கு முன்பே தூணில் ஏறியிருக்க வேண்டும்.